எதன்மேல் இருந்தது?

தாப்பா நகரிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை, சிறிது தூரத்திலேயே வளைந்து வளைந்து செல்லத் தொடங்கிவிடும். அந்த வளைவுகளுக்குக் கீழே, செம்பனைத் தோட்டமும் மலைக்காடும் சந்திக்கும் இடத்தில் சில வீடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றில், படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி தன் பெற்றோருடனும் பாட்டியுடனும் வாழ்ந்து வந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாட்டி சொன்னபடி கீரை பறிப்பதற்காக, அவள் வீட்டின் பின்னால் ஓடும் சிற்றோடைப் பக்கம் போனாள். ஓடைக்கரை முழுவதும் செண்டுடுக் செடிகள் புதர்களாக வளர்ந்திருந்தன. ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்கள், ஐந்து இதழ்களை விரித்து மழைநீர் சொட்ட நின்றன. சிறுவயதில் அந்தச் செடியின் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு பாட்டியிடம் திட்டு வாங்கியது அவள் நினைவுக்கு வந்தது.

முழங்கால் உயரத்தில் இருந்த ஓர் இலையின்மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எங்கிருந்தோ உதிர்ந்து விழுந்த பூ என்றுதான் அவள் முதலில் எண்ணினாள். வெள்ளை இதழ்கள், ஓரங்களில் மெல்லிய இளஞ்சிவப்பு. ஆனால் அந்தப் புதரில் வெள்ளைப் பூ பூப்பதில்லையே! குனிந்து பார்த்தாள். 'பூ' இலேசாக அசைந்தது. காற்று அடிக்கவில்லை. அடுத்த நொடி அது இரண்டடி எடுத்து வைத்து நடந்தது. முன்னங்கால்கள் இரண்டையும் கும்பிடுவதுபோல் மடக்கி வைத்துக்கொண்டு, முக்கோணத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

கும்பிடுபூச்சிகளை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். பச்சையும் பழுப்புமாக வீட்டு விளக்கைத் தேடி வருபவை அவை. இப்படி ஒரு கும்பிடுபூச்சியை அவள் கண்டதே இல்லை. கீரையை மறந்துவிட்டு வீட்டிற்கு ஓடினாள். மூடியில் ஆணியால் துளையிட்ட ஒரு மைலோ டின்னை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பூச்சி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. மெதுவாக அதை டின்னுக்குள் ஏறச் செய்தாள்.

வீட்டு முன்வாசலில் பாட்டி வளர்க்கும் ஆர்க்கிட் செடிகள் தொட்டிகளில் தொங்கின. அவற்றுள் ஒன்றில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூங்கொத்து விரிந்திருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. பூச்சியை மெல்ல எடுத்து அந்தப் பூங்கொத்தின்மேல் விட்டாள். என்ன பொருத்தம்! எது பூ, எது பூச்சி என்று தெரியவில்லை. அப்பாவின் கைப்பேசியில் நாற்பது படங்கள் எடுத்தாள். அவற்றுள் ஒன்று, நாட்காட்டியில் அச்சிடும் அளவுக்கு அழகாக அமைந்துவிட்டது.

பள்ளியில் அந்த மாதம் அறிவியல் செயல்திட்டப் போட்டி நடக்கவிருந்தது. அவளுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை, உயிரியல் ஆசிரியர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மைலோ டின்னைத் திறந்து பூச்சியையும் பார்த்தார். "அவசரப்பட வேண்டாம். ஒரே அடையாளத்தை வைத்து எந்த உயிருக்கும் பெயர் சூட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்," என்றார்.

முதலில் கண்களைக் காட்டினார். அவை உருண்டையாக இல்லாமல், கூம்புபோல் மேல்நோக்கிக் கூர்மையாக இருந்தன. அடுத்து கால்கள். நடுக்கால்களிலும் பின்னங்கால்களிலும் தொடைப்பகுதி அரைவட்ட இதழாக அகன்றிருந்தது. பூவிதழ் என்று அவள் எண்ணியவை உண்மையில் அந்தக் கால்களே. வயிற்றுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருந்தது. மார்பின் பின்விளிம்பில், வெள்ளைத் துணியில் பச்சை நூல் வைத்துத் தைத்ததுபோல் ஒரு மெல்லிய கோடு குறுக்கே ஓடியது.

"வேறு பூச்சியாக இருக்க முடியாதா, ஐயா?" என்று அவள் கேட்டாள்.

"நல்ல கேள்வி. நம் நாட்டில் பூக்களில் காத்திருக்கும் கும்பிடுபூச்சிகள் இன்னும் சில உள்ளன. கிரியோபுரோட்டர் என்னும் வகையில், வளர்ந்த பூச்சியின் சிறகில் கண்போன்ற வட்டப் புள்ளி இருக்கும். தியோபுரோபஸ் என்னும் வகையில், பச்சைச் சிறகின் குறுக்கே வெளிறிய பட்டை ஒன்று இருக்கும். உன்னுடைய பூச்சிக்கு இன்னும் சிறகே முளைக்கவில்லை. இது இளம்பூச்சி. ஆகவே சிறகை வைத்து முடிவு செய்ய முடியாது. காலையும் கண்ணையும்தான் நம்ப வேண்டும். இவ்வளவு அகன்ற இதழ்க்கால்கள் அந்த இரண்டிற்கும் கிடையாது. இது ஆர்க்கிட் கும்பிடுபூச்சி. அறிவியல் பெயர் ஹைமனோபஸ் கொரொனாட்டஸ்."

இன்னும் சிலவற்றையும் ஆசிரியர் சொன்னார். முட்டையிலிருந்து வெளிவரும்போது இந்தப் பூச்சி வெள்ளையாக இருப்பதில்லை. செம்மையும் கறுப்புமாக, கிட்டத்தட்ட எறும்பைப்போல் இருக்கும். முதல் தோலை உரித்த பிறகே பூவின் நிறத்திற்கு மாறும். வளர்ந்த பெண்பூச்சி 6 அல்லது 7 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆண்பூச்சியோ ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர்தான். அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே இனம் என்று நம்புவது கடினம். இதன் நிறமும் நிலையானதன்று. ஒளிக்கும் ஈரப்பதத்திற்கும் ஏற்பச் சில நாள்களில் வெள்ளை இளஞ்சிவப்பாகலாம், இளஞ்சிவப்பு வெள்ளையாகலாம். அதனால்தான் நிறத்தை மட்டும் பார்த்து அடையாளம் காண்போர் ஏமாந்து போகிறார்கள்.

பிறகு ஆசிரியர் ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளை எழுதினார். எப்போது கண்டாய்? எங்கே கண்டாய்? தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்? எதன்மேல் இருந்தது?

முதல் மூன்றுக்கும் அவள் தயங்காமல் விடை எழுதினாள். நான்காவதில் பேனா ஒரு கணம் நின்றது. படத்தில் இருப்பது ஆர்க்கிட். பூச்சியின் பெயரும் ஆர்க்கிட் கும்பிடுபூச்சி. போட்டி அட்டையின் நடுவில் வரப்போவதும் அந்தப் படந்தான். 'ஆர்க்கிட் பூவின்மேல்' என்று எழுதினாள்.

அதைப் படித்ததும் ஆசிரியரின் முகம் மலர்ந்தது. "ஆர்க்கிட் பூவின்மேலா? இது சாதாரணப் பதிவு அன்று. பல்கலைக்கழகத்தில் பூச்சிகளை ஆராயும் என் நண்பருக்கு இதை அனுப்பி வைக்கிறேன். அதற்கு முன் நீ இதைப் படித்துவிட்டு வா. உன் கட்டுரைக்கும் உதவும்," என்று கூறி, தாம் தொகுத்து வைத்திருந்த குறிப்புகளைக் கொடுத்தார்.

அன்றிரவு அவள் அந்தக் குறிப்புகளைப் படித்தாள்.

இந்தப் பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஒலிவியே என்னும் பிரெஞ்சு அறிஞர். அது நடந்தது 1792ஆம் ஆண்டில். இந்தியாவின் வடகிழக்கு, மியன்மார், தாய்லாந்து, சீனாவின் தென்பகுதி, தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா எனப் பரந்த நிலப்பரப்பில் இது வாழ்கிறது. பரப்பு பெரியதுதான், ஆனால், காட்டில் இதைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே. கண்டவர்கள் குறைவாக இருந்ததால், கதைகள் மிகுந்தன.

1879இல் ஜேம்ஸ் ஹிங்ஸ்டன் என்னும் ஆஸ்திரேலியப் பயணி ஒரு நூல் வெளியிட்டார். ஜாவாவில் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் ஆர்க்கிட் பூ ஒன்றைக் கண்டதாக அதில் எழுதினார். அவர் கண்டது பூவே அன்று. பூவைப்போல் அமர்ந்திருந்த கும்பிடுபூச்சி என்பதே பின்னாளில் பலரும் கொண்ட கருத்து. பத்து ஆண்டுகள் கழித்து, 1889இல், மலாய்த் தீவுக்கூட்டத்தை நன்கு அறிந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸும் இந்தப் பூச்சியைப் பற்றி எழுதினார். கல்கத்தா அருங்காட்சியகத்திலிருந்து அவருக்கு ஓர் ஓவியம் அனுப்பப்பட்டிருந்தது. ஜாவாவில் உள்ள இத்தகைய பூச்சி இளஞ்சிவப்பு ஆர்க்கிட்டை ஒத்திருக்கும் என்று சொல்லப்படுவதாக அவர் குறிப்பிட்டார். 'சொல்லப்படுகிறது' என்பதுதான் அவர் எழுதியது. அந்தச் சொல்லைப் பிறர் மறந்துவிட்டார்கள். ஆர்க்கிட் பூவில் மறைந்து வாழும் பூச்சி என்ற எண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது. நூலுக்கு நூல், படத்திற்குப் படம் அது பரவியது.

அடுத்த பக்கத்தைப் படித்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 1899ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக்குழு மலாய்த் தீபகற்பத்திற்கு வந்தது. அதில் நெல்சன் அனண்டேல் என்னும் இளம் விலங்கியல் அறிஞரும் இருந்தார். அவர் இந்தப் பூச்சியை உயிரோடு கண்டு, அதன் பழக்கங்களைப் பொறுமையாகக் கவனித்து, 1900இல் எழுதி வைத்தார். அவர் அதைக் கண்டது ஆர்க்கிட்டில் அன்று. மெலஸ்டோமா இனச் செடி ஒன்றின் பூங்கொத்தில்.

மெலஸ்டோமா என்றால் என்னவென்று தேடிப் பார்த்தாள். கிரேக்க மொழியில் 'கறுத்த வாய்' என்று பொருள். பழத்தைத் தின்றால் வாய் கறுத்துவிடும் என்பதால் வந்த பெயர். கீழே இருந்த படத்தில், அவள் வீட்டு ஓடைக்கரையில் பூத்திருக்கும் அதே ஐந்திதழ்ப் பூ. செண்டுடுக்!

அவளுக்கு நெஞ்சு படபடத்தது. குறிப்புகளில் இன்னும் கொஞ்சம் மீதம் இருந்தது. ஆர்க்கிட் கும்பிடுபூச்சி உண்மையிலேயே பூவைப்போல் தோன்றிப் பூச்சிகளை ஈர்க்கிறதா என்று நூறாண்டுகளுக்கும் மேலாக யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை. சிட்னியில் உள்ள மெக்குவாரி பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஜேம்ஸ் ஓஹன்லனும் அவருடைய குழுவினரும் மலேசியக் காட்டிற்கு வந்து அந்தச் சோதனையைச் செய்தனர். பூச்சியை ஒரு குச்சியின்மேல் வைத்தனர்; அருகில் அந்தப் பகுதியில் மிகுதியாகப் பூக்கும் பூவை வைத்தனர். எதை நாடி எத்தனை பூச்சிகள் பறந்து வருகின்றன என்று எண்ணினர். பூவைவிடக் கும்பிடுபூச்சியை நாடி வந்தவையே அதிகம்! 2014இல் அந்த முடிவு வெளியானது. பூவின் நடுவே ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை அதற்கில்லை. பச்சை இலையின்மேல் தனியாக அமர்ந்தாலும் போதும். அதுவே ஒரு பூவாகிவிடும். குறிப்பிட்ட ஓர் ஆர்க்கிட்டின் நகலும் அன்று அது. பல வகைப் பூக்களின் நிறத்தைப் பொதுவாக ஒத்திருக்கிறது. அதே 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டறிந்தனர். இளம்பூச்சி, ஆசியத் தேனீக்களை ஈர்க்கும் வேதிப்பொருள்களையும் வெளியிடுகிறது. கண்ணை ஏமாற்றுவதோடு நில்லாமல் மணத்தாலும் அழைக்கிறது.

படித்து முடித்தவள் தாளை மூடி வைத்தாள். தூக்கம் வரவில்லை. இலையின்மேல் தனியாக அமர்ந்திருந்த பூச்சியைத்தான் அவளும் கண்டாள். ஆய்வாளர்கள் சொன்னதற்குச் சான்றாக நிற்கக்கூடிய காட்சி அது. அதை அழித்துவிட்டு, பழைய கதைக்கு மேலும் ஒரு பொய்ச்சான்றைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

முன்வாசலில் பாட்டி விளக்கை அணைக்க வந்தார். "என்னம்மா, இன்னும் தூங்கவில்லையா? அந்தப் பூச்சியைப் பார்த்து உன் ஆசிரியர் என்ன சொன்னார்?"

"மிகவும் அரிய பூச்சியாம், பாட்டி. ஆர்க்கிட் கும்பிடுபூச்சி."

பாட்டி தொட்டிகளைப் பார்த்துச் சிரித்தார். "நாற்பது வருடமாக ஆர்க்கிட் வளர்க்கிறேன். ஒருநாள்கூட அது இங்கே வந்ததில்லை. நீ கொண்டுவந்து வைத்தாய்; அதனால் வந்தது."

பாட்டி அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால், அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை, வகுப்பு தொடங்கும் முன்பே அவள் ஆசிரியர் அறைக்குச் சென்றாள். "ஐயா, நான்காவது கேள்விக்கு நான் எழுதியது பொய். பூச்சி செண்டுடுக் இலையில்தான் இருந்தது. படத்திற்காக நான்தான் அதைப் பாட்டியின் ஆர்க்கிட்டில் வைத்தேன்." சொல்லி முடித்தபோது அவளுடைய குரல் தழுதழுத்தது.

ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். "நல்லவேளை, இன்று மாலைதான் அனுப்புவதாக இருந்தேன். உட்கார். இது எவ்வளவு பெரிய தவறு என்று உனக்குத் தெரியுமா?"

"பொய் சொன்னது தவறு, ஐயா."

"அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது." அவர் தீபகற்ப மலேசியாவின் வரைபடத்தை விரித்தார். "ஓர் உயிரினம் எங்கெங்கே வாழ்கிறது என்பதை எப்படி அறிகிறோம்? யாரோ ஒருவர் கண்டு, எழுதி வைத்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறோம். புள்ளிகள் சேர்ந்தால் பரவல் வரைபடம் ஆகிறது. புள்ளி இல்லாத இடத்தில் பூச்சி இல்லை என்று பொருளா? இல்லை. அங்கே யாரும் தேடவில்லை என்றும் இருக்கலாம். தேடியவர் தவறான இடத்தில் தேடினார் என்றும் இருக்கலாம். நீ எழுதியதை நம்பி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள். மரக்கிளைகளில் உள்ள ஆர்க்கிட்டுகளை எல்லாம் அண்ணாந்து அண்ணாந்து பார்ப்பார். முழங்கால் உயரத்தில், செண்டுடுக் இலையில் இருக்கும் பூச்சியைத் தாண்டிப் போய்விடுவார். 'இங்கே ஆர்க்கிட் கும்பிடுபூச்சி இல்லை' என்று எழுதுவார். பிறகு அந்த ஓடைக்கரையை வெட்டித் தோட்டமாக்க யாராவது நினைத்தால், காப்பாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை என்றுதானே சொல்வார்கள்?"

அவள் தலைகுனிந்து நின்றாள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு தூரம் செல்லும் கால்கள் உண்டு என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

"வந்து சொன்னாயே, அது போதும்," என்று ஆசிரியர் தொடர்ந்தார். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். இந்தப் பூச்சியைப் பொறுத்தவரை அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால், விசாரித்து அறிந்தவர் அதை உள்ளபடி எழுதாவிட்டால் விசாரித்தும் பயனில்லை. இந்தா, திருத்தி எழுது."

அவள் 'ஆர்க்கிட் பூவின்மேல்' என்பதை ஒரு கோடிட்டு அடித்தாள். மேலே, 'செண்டுடுக் செடியின் இலையின்மேல். பூவின்மேல் அன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டாள். அடித்ததை முற்றிலும் மறைக்க வேண்டாம், திருத்தம் திருத்தமாகவே தெரியட்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். சரியான இடம் ஆய்வாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். போட்டி அட்டையில் மாவட்டத்தின் பெயரை மட்டும் போடலாம் என்றும் அறிவுரை கூறினார். அழகான பூச்சிகளைப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் கவலை.

அன்று மாலை, அவள் அப்பாவுடன் மீண்டும் ஓடைக்கரைக்குச் சென்றாள். அதே புதர். அதே இலை. மைலோ டின்னின் மூடியைத் திறந்து, விளிம்பை இலைக்கு அருகில் பிடித்தாள். பூச்சி விளிம்பில் ஏறி நின்று, பக்கவாட்டில் மெல்ல ஆடியது. திடீரென்று தாவியது. கீழே விழுந்துவிடும் என்று அவள் பதறினாள். கல்லைப்போல் விழவில்லை. அகன்ற கால்களை விரித்தபடி, சாய்வாக மிதந்து சென்று அடுத்த புதரில் அமர்ந்தது.

"சிறகு இல்லாமலே பறக்கிறதே!" என்றார் அப்பா.

அவள் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். மறுநாள் ஆசிரியரிடம் சொன்னபோது அவர் வியப்புடன் கேட்டார். இதழ்போன்ற அந்தத் தொடைகள் இளம்பூச்சி காற்றில் சறுக்கிச் செல்ல உதவுகின்றன என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2023ஆம் ஆண்டின் இறுதியில்தான் வெளியிட்டார்கள் என்றார். பூவைப்போல் காட்டுவதற்கு மட்டும் என்று எல்லாரும் எண்ணியிருந்த உறுப்புக்கு இன்னொரு வேலையும் இருந்திருக்கிறது.

அடுத்து வந்த நாள்களில், பள்ளி முடிந்ததும் அவள் ஓடைக்கரையில் சற்றுத் தள்ளி அமர்ந்து பூச்சியைக் கவனித்தாள். தொடவில்லை; நகர்த்தவில்லை. எப்போதாவது ஒரு சிறு தேனீ, அருகில் பூத்திருந்த செண்டுடுக் பூவை விட்டுவிட்டு அந்த வெள்ளை 'இதழ்'களை நோக்கித் திரும்பியது. ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னங்கால்கள் பாய்ந்து மடங்கின. தேனீயைக் காணவில்லை. இலையின்மேல் பூ மட்டும் அமைதியாக இருந்தது.

ஏழாம் நாள் பூச்சி அங்கே இல்லை. 'காணப்படவில்லை' என்று எழுதினாள். 'இல்லை' என்று எழுதவில்லை.

போட்டி அட்டையின் நடுவில் அந்த அழகிய ஆர்க்கிட் படம் இடம்பெறவில்லை. ஓரத்தில் சிறிதாக, 'படம் எடுப்பதற்காகப் பூச்சி இடம் மாற்றி வைக்கப்பட்டது' என்ற குறிப்புடன் இருந்தது. நடுவில் இருந்தது, ஓடைக்கரையில் எடுத்த சற்று மங்கலான படம்: பச்சை இலை, அதன்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. பார்க்க வந்தவர்களில் பலர் அதைப் பூ என்று எண்ணிக் கடந்து சென்றார்கள். அவளுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு, ஆசிரியர் அவளை அழைத்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். மலைத்தொடரின் மேற்குச் சரிவில், முன்பு வெறுமையாக இருந்த இடத்தில், ஒரு சிறு புள்ளி இருந்தது. அதற்குரிய குறிப்பில் நாள், இடம், உயரம் ஆகியவற்றுக்குப் பிறகு நான்காவது வரியாக இப்படி இருந்தது: செண்டுடுக், இலையின்மேல்.

அவள் அந்த வரியை இருமுறை படித்தாள். பிறகு, கீரை பறிக்க நேரமாகிவிட்டது என்று வீட்டிற்குக் கிளம்பினாள்.